மாகியார் வில்லின் மான்கொம்புப் பிடி: எச்சமும் மீட்டுருவாக்கமும்

கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ப்பாத்தியப் படுகையில் குடியேறிய மாகியார்களின் கல்லறைகளில், வில்லின் பிடியிலும் நுனிகளிலும் பொருத்தப்பட்ட மான்கொம்புத் தகடுகளே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. தமிழில் 'கொம்பு' என்னும் ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுட்டுவதால், அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். மான்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் எலும்பு. மாட்டுக்கொம்பின் உறை கெரட்டின். அழுத்தத்தைத் தாங்கும் கெரட்டின் எய்பவரை நோக்கிய உட்புறத்திலும், இழுவிசையைத் தாங்கும் விலங்குத் தசைநார் வெளிப்புறத்திலும் மரத்தின்மீது ஒட்டப்பட்டன. வளையாதிருக்க வேண்டிய பிடியின் பக்கங்களை மான்கொம்புத் தகடுகள் விறைப்பாக்கின.

மரமும் கெரட்டினும் தசைநாரும் மண்ணில் மட்கிவிடுவதால், விசையைத் தேக்கிய பகுதி அழிந்து, வளையாப் பகுதியே சான்றாகிறது. வில் முழுதாக வைக்கப்பட்டிருப்பின், தகடுகளின் கிடப்பைக் கொண்டு அதன் நீளத்தை மதிப்பிடலாம். நாணை இழுக்கத் தேவைப்பட்ட வலிமையை அவற்றால் மட்டும் அறிய இயலாது. தகடற்ற கல்லறையில் வில்லே வைக்கப்படவில்லை எனக் கொள்வதும் பொருந்தாது.