விறகு வாங்கும் உத்தியோகம்

மகள் வனவியல் படித்தால் ஃபாரஸ்ட் ஆபீசர் பரீட்சையை விட்டால் வேறு என்ன வழி என்று கேட்கிறீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, நிதானமாகவே பேசுவோம். எல்லா வேலையையும் சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன். ஒன்றே ஒன்று: விறகு வாங்கும் வேலை.

சிரிக்காதீர்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை எரித்துக் கரண்ட் எடுக்கும் நிலையங்கள் வந்தன. பத்து மெகாவாட் நிலையம் முழு மூச்சில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 300 டன் விறகு தின்னும். பத்து டன் ஏற்றும் லாரி என்றால் முப்பது லோடு, தீபாவளி பொங்கல் பார்க்காமல். டர்பைனுக்கு இன்ஜினியர் கிடைத்துவிடுவார். நாளைக்கு அந்த முப்பது லோடும் எந்தக் கண்மாயிலிருந்து வரும் என்று தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

எடைமேடையிலிருந்தே அவர் வேலை தொடங்கிவிடுகிறது. அப்போதே வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். நன்றாகக் காய்ந்து ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் ஒரு கிலோ விறகு சுமார் 3,500 கிலோகலோரி கொடுக்கும். ஈரம் 50 சதவீதம் என்றால் 2,000 தேறுவதே பெரிது. டன் கணக்கில் பணம் கொடுப்பவர் பாதிக்குப் பாதி தண்ணீரையல்லவா வாங்குகிறார்? அதனால் லோடின் மேலே, நடுவே, அடியில் என்று பிரித்து மாதிரி எடுக்க வேண்டும். வியாபாரிகள் காய்ந்ததை மேலே பரப்பிக்கொண்டு வருவார்கள். அது அவர்கள் சாமர்த்தியம். மாதிரியைச் சிறுதுண்டாக்கி, எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்தி, மறுபடி எடை போட்டால் போனதெல்லாம் ஈரம். விலையில் அதற்குத் தக்கபடி பிடித்தம். “நேத்து ராத்திரி மழை சார்” என்பார் லாரிக்காரர். அந்த ஊரில் மழை பெய்ததா என்பதும் நம் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தூர்க்கட்டை வந்தால் இன்னொரு தலைவலி. வேரோடு ஒட்டிய மண் பாய்லருக்குள் போய்ச் சாம்பலோடு உருகிக் கட்டிதட்டும். விறகோடு வைக்கோலையும் எரித்தால் கட்டிதட்ட மண்கூட வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியமே போதும்.

ஆனால் உண்மையான படிப்பு வேலை செய்வது வெளியில்தான். கருவேலத்தை அடிக்கட்டை விட்டு வெட்டினால் மூன்று நான்கு வருஷத்தில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். ஆலைக்கு அதுதான் பிடிக்கும். அரசாங்கமோ அந்த மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்கிறது. அயல் தாவரங்களை அகற்ற 2022இல் தனிக் கொள்கையே அறிவித்தது. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் அதே மரம்தான் சோறு. கரி விலை ஏறினால் ஆலைக்கு வரவேண்டிய லாரி அந்தப் பக்கம் திரும்பிவிடும். எந்தக் கண்மாயைக் கருவேலம் இல்லாமல் சுத்தம் செய்துவிடலாம், எந்தப் பட்டா நிலத்தில் சவுக்கு நடச் சொல்லலாம், விறகுக்குப் பதில் எரிக்கக் கடலை ஓடு எந்த மாதம் மலிவு என்று கணக்குப் போடுவதைத்தான் இயற்கை வள மேலாண்மை என்று பெரிய பெயரில் சொல்கிறோம்.

படிப்புக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எனர்ஜி இன்ஜினியரிங்கும் உண்டு. நிலக்கரி நிலையங்களும் 2024-25 முதல் குறிப்பிட்ட அளவு உயிர்மப் பொருள் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்ததால், அதை அழுத்தி உருண்டையாக்கும் பெல்லட் கம்பெனிகளுக்கும் இந்த ஆள் தேவை. ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன்: விறகு விலை ஏறி, கரண்ட் விற்கும் விலை கட்டுப்படியாகாமல் நின்றுபோன நிலையங்களும் உண்டு.

ஆகவே மகள் இன்டர்வியூவுக்குப் போனால், சம்பளம் கேட்குமுன் ஒன்று கேட்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்குள் லாரி இறங்காது. அதற்கு முன் யார்டில் எத்தனை நாள் விறகு சேர்த்து வைப்பீர்கள், அதில் கூரைக்குக் கீழே எவ்வளவு? பதில் சொல்லத் திணறினால் வேறு கம்பெனி பார்க்கலாம்.