மரத்தில் கரையானா? அவசரப்பட்டு வெட்டாதீர்கள்!

வீட்டு வாசலில் மாமரமோ, பலாமரமோ, ரம்புத்தான் மரமோ வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அடுத்த பெருமழைக்கு முன் ஒருமுறை மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். அடிமரத்தில் களிமண் பூசினாற்போல் மண் ஏறியிருந்தால், கரையான் குடிவந்துவிட்டது என்று பொருள்.

'கரையான் செத்த மரத்தைத்தானே தின்னும், பச்சை மரத்தை என்ன செய்யும்?' என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான கரையான்கள் அப்படித்தான். காய்ந்த கிளையையும் சருகையும் தின்று மண்ணுக்கு உரமாக்குகின்றன. ஆனால் 'கோப்டோடெர்மஸ்' என்னும் இனத்தில் ஒரு வகை, உயிருள்ள மரத்தையே அரிக்கும். மலேசியாவில் பால்மரத்தையும், சதுப்பு நிலத்துச் செம்பனையையும் சாய்த்துப் பெயரெடுத்தது அது.

அடையாளம் காண்பது எளிது. மண் பூச்சைக் குச்சியால் சற்றே சுரண்டுங்கள். ஓடிவரும் சிப்பாய்க் கரையான்களைச் சீண்டும்போது அவை தலையிலிருந்து பால் போன்ற வெள்ளைத் திரவத்தைக் கக்கினால், அந்த இனமேதான். இரண்டு மூன்று நாள் கழித்துச் சுரண்டிய இடத்தில் மீண்டும் மண் பூசியிருந்தால், கூட்டம் உயிரோடு இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது?

பழைய ரப்பர் தோட்டங்களை அழித்து எழுந்த தாமான்கள் நம்மிடையே பல. மரத்தை வெட்டியபின் மண்ணுக்குள் தங்கிவிட்ட அடிக்கட்டையும் வேரும் கரையானுக்குக் களஞ்சியம். வீடு கட்டியபோது புதைந்த பலகைத் துண்டுகளும் அப்படியே. ஆகவே மரத்தில் மட்டும் மருந்தடித்தால் மேலே இருப்பவைதாம் சாகும். ராணியோ கூட்டுக்குள் நிம்மதியாக முட்டையிட்டுக்கொண்டிருப்பாள்.

என்ன செய்யலாம்?

1. மரத்தைச் சுற்றிப் புதைந்துள்ள கட்டைகளையும் மக்கிய பலகைகளையும் தோண்டி அப்புறப்படுத்துங்கள். புற்று இருந்தால் கையை விடாதீர்கள். கரையான் புற்றில் கருநாகம் குடியேறும் என்பது வெறும் பழமொழி அன்று.

2. சருகு, மரத்தூள் ஆகியவற்றை அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். ஓரடியாவது தள்ளிப் போடுங்கள்.

3. பட்டுப்போன கிளையை ஒழுங்காக அறுத்துவிடுங்கள். பொந்தில் சிமெண்டு அடைக்க வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி, மரம் மேலும் உளுத்துப்போகும்.

4. மருந்து தேவையென்றால் ஃபிப்ரோனில் போன்றவை உண்டு. அதன் வாடையைக் கரையான் உணராது. மருந்து பட்ட கரையான் கூட்டுக்குத் திரும்பி மற்றவற்றுக்கும் பரப்பிவிடும். ஆனால் தேனீக்கும் மீனுக்கும் அது கொடிய நஞ்சு. கிணறு, கால்வாய் அருகில் வேண்டாம். பழ மரமென்றால், அம்மரத்துக்கு அனுமதி உண்டா, மருந்திட்டபின் எத்தனை நாள் கழித்துப் பழம் பறிக்கலாம் என்று புட்டியின் சீட்டில் பார்த்த பின்னரே தொடுங்கள்.

5. பூச்சி ஒழிப்பாளர் வைக்கும் இரை மற்றொரு வழி. இரையிலுள்ள குளோர்ஃபுளுவாசூரோன் போன்ற மருந்தால் கரையானுக்குப் புதுத்தோல் உருவாகாது. தோலுரிக்கும்போது வேலைக்காரக் கரையான்கள் மடியும். ஊட்ட ஆளில்லாமல் ராணியும் அழியும். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பொறுத்திருக்க வேண்டும். அதுவரை மண் பூச்சைக் கலைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய், உப்பு ஆகியவற்றை வேரில் ஊற்றாதீர்கள். கரையானுக்கு முன்னால் மரம் செத்துவிடும். கொட்டகையில் பழைய டின் ஏதும் கிடக்கிறதா? ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் என்று எழுதியிருந்தால் திறக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் கரையானுக்குப் பரவலாகப் பயன்பட்ட இவை, மண்ணிலும் உடற்கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான மருந்தை மட்டுமே வாங்குங்கள். கரண்டியளவு கூடினால் பலனும் கூடும் என்று எண்ணாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி எழுந்தால் உள்ளே கூடாகிவிட்டது. இலை பசுமையாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பட்டையை அடுத்த பகுதி உயிரோடு இருந்தால் நடு மரம் போனபின்னும் இலை துளிர்க்கும். அப்படிப்பட்ட மரம் வீட்டுப் பக்கமாகவோ பிள்ளைகள் விளையாடும் இடத்தின் பக்கமாகவோ சாய்ந்திருந்தால், உடனே விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வெட்டச் சொன்னால் தயங்காதீர்கள். மரத்தை மீண்டும் நட்டுக்கொள்ளலாம்.