மூன்று கால் தானியாவின் மகள்

மிருகக்காட்சி சாலையில் பிறந்து வளர்ந்த புலியைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? துள்ளிக் குதித்து ஓடிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை குட்டீஸ்! அதற்கு வேட்டையாடத் தெரியாது. பசித்தால், கறி போட்ட மனிதரைத் தேடி ஊருக்குள் வந்துவிடலாம். அது மனிதருக்கும் ஆபத்து, புலிக்கும் ஆபத்து.

அப்படியென்றால், அடைபட்ட இடத்தில் பிறந்த விலங்கு காட்டுக்குத் திரும்பவே முடியாதா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள், தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா நாட்டில்.

அங்கே 'இபெரா' என்றொரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. குவாரனி மொழியில் 'மின்னும் நீர்' என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே ஜாகுவார்கள் ராஜாவாகத் திரிந்தன. பார்க்கச் சிறுத்தை போலவே இருக்கும். ஆனால், உடம்பில் உள்ள வளையங்களுக்கு நடுவே குட்டிப் புள்ளிகள் இருக்கும். மனிதர்கள் வேட்டையாடியதாலும், காடு சுருங்கியதாலும், சுமார் 70 ஆண்டுகளுக்கு முன் ஜாகுவார் அங்கே அடியோடு மறைந்துபோனது.

அமெரிக்கத் தொழிலதிபர் டக்ளஸ் டாம்ப்கின்ஸும் அவர் மனைவி கிறிஸ்டினும் இபெராவில் சுமார் 1.5 லட்சம் ஹெக்டேர் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். பங்களா கட்டவா? இல்லை, விலங்குகளுக்காக! ஜாகுவாரைத் திரும்பக் கொண்டுவர அங்கே ஒரு மையமும் அமைந்தது. 2015-ல் டக்ளஸ் இறந்துபோனார். அவர்கள் வாங்கிய நிலம் நாட்டுக்கே தானமாகத் தரப்பட்டது. 2018-ல் அது தேசியப் பூங்கா ஆனது.

அந்த மையத்துக்கு வந்தவள்தான் தானியா. மிருகக்காட்சி சாலையில் இருந்த பெண் ஜாகுவார். அவளுக்கு மூன்று கால்தான். அவளைக் காட்டில் விட முடியாது. ஆனால், 2018 ஜூன் மாதம் அவள் இரண்டு குட்டிகளை ஈன்றாள். ஒன்று அராமி, இன்னொன்று ம்பரெத்தே.

குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. அதில் இரண்டே விதிகள்!

ஒன்று, மனிதர் கண்ணில் படவே கூடாது. காப்பாளர்கள் ஒளிந்திருந்து, கேமரா வழியாக மட்டுமே குட்டிகளைக் கவனித்தார்கள். சாப்பாடு என்றால் மனிதன் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது அல்லவா?

இரண்டு, உணவைத் தானே பிடிக்க வேண்டும். வேலி போட்ட பெரிய அடைப்புக்குள் உயிருள்ள கேப்பிபாராவை விடுவார்கள். உலகிலேயே பெரிய கொறிக்கும் விலங்கு அது. பதுங்குவது, பாய்வது எல்லாமே அங்கேதான் பழக வேண்டும்.

'பாவம் கேப்பிபாரா' என்கிறீர்களா? வேட்டையாடும் விலங்கு இல்லாத இடத்தில் கேப்பிபாரா கணக்கில்லாமல் பெருகும். புல்லை எல்லாம் மேய்ந்து தீர்த்துவிடும். அப்புறம் மற்ற விலங்குகளுக்கு என்ன மிஞ்சும்?

2021 ஜனவரியில் முதல் கதவு திறந்தது. பிரேசிலில் இருந்து வந்த மரியுவா என்ற தாயும், அந்த மையத்திலேயே பிறந்த அவளது இரண்டு குட்டிகளும் காட்டுக்குள் போயின. அதே ஆண்டில் அராமிக்கும் கதவு திறந்தது. எங்கே போகிறது, எப்படி வாழ்கிறது என்று அறிய அவள் கழுத்தில் பட்டை மாட்டியிருந்தார்கள்.

பாடத்தை அவள் மறக்கவில்லை. 2022-ல் அராமியே தாயானாள். குட்டிகள் பிறந்தது அடைப்புக்குள் அல்ல, திறந்த காட்டில்!

மூன்று கால் தானியாவால் வேலியைத் தாண்ட முடியவில்லை. ஆனால், அவள் பேரக்குட்டிகளுக்கு வேலி என்றால் என்னவென்றே தெரியாது!