வீட்டை மகளுக்கு விட்ட ராணி

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பது பெரியோர் வாக்கு. சென்ற தை மாதத்தில் வண்டலூரில் எங்கள் வீட்டுத் தேனீக்களுக்கும் வழி பிறந்தது. ஆனால் அது வீட்டை விட்டு வெளியேறும் வழியாக இருந்தது!

கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு நாள் முற்பகல், பெட்டியின் வாயிலிலிருந்து தேனீக்கள் ஆறாய்ப் பெருகி வானத்தை மறைத்தன. சற்று நேரத்தில் அடுத்த வீட்டு மாமரத்தில் கரிய தாடிபோல் தொங்கின. நான் ஏணி தேடிக்கொண்டிருக்கையிலேயே, அவை எழுந்து வண்டலூர்க் காட்டுப் பக்கம் பறந்து மறைந்தன.

"போனால் போகட்டும், பாதியாவது மிஞ்சியதே" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் மீண்டும் ஒரு கூட்டம் கிளம்பிற்று. இம்முறை அடுத்த வீட்டுப் பெரியவர் பொறுமை இழந்துவிட்டார்.

"சார், பேரக் குழந்தைகள் உள்ள வீடு. இரவு தீப்பந்தம் காட்டிவிடுவோம்" என்றார்.

1985-ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. புலியும் சிங்கமும் அக்கம்பக்கத்தில் இருக்க அச்சமின்றி உறங்குகிற நாம், ஒரு கைப்பிடித் தேனீக்குப் பந்தம் தேடுகிறோம்! ஆனால் அவர் அச்சத்தை நான் பழிக்கவில்லை. குழந்தைகளைப் பற்றிய கவலை நியாயமானதே. "மாலை வரை பொறுங்கள், ஐயா, நானே இறக்கிவிடுகிறேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

தேனீக்கள் ஏன் இப்படிப் பிரிகின்றன? பூக்கள் மலியும் காலத்தில் ராணி மிகுதியாக முட்டையிடுகிறாள். பெட்டியில் இடம் போதாமற் போகிறது. உடனே பணித் தேனீக்கள் அடையின் கீழ் ஓரத்தில், நிலக்கடலை போன்ற ராணி அறைகளைக் கட்டி, இளவரசிகளை வளர்க்கத் தொடங்குகின்றன. அவ்வறைகள் மூடப்பட்டதும் பழைய ராணி பரிவாரத்துடன் வெளியேறுகிறாள். நம் வீடுகளில் தனிக்குடித்தனம் போகிறவர் மகனோ மகளோதான். தேனீக் குடும்பத்திலோ, கட்டி முடித்த வீட்டையும் சேர்த்த தேனையும் மகளுக்கு விட்டுவிட்டுத் தாய் வெறுங்கையோடு புறப்படுகிறாள்!

வெறுங்கை என்றாலும் வெறும் வயிறன்று. ஒவ்வொரு தேனீயும் வயிறு நிறையத் தேன் பருகியே கிளம்புகிறது. காக்க வேண்டிய அடையும் குஞ்சும் இல்லாததால், மரத்தில் தொங்கும் கூட்டம் சீண்டினாலன்றி எளிதில் கொட்டுவதில்லை. அது அங்கே ஓய்வெடுக்கவும் இல்லை, வீடு பார்க்கிறது. வேவுத் தேனீக்கள் பொந்துகளைக் கண்டு வந்து, கூட்டத்தின்மேல் நடனமாடித் திசையையும் தூரத்தையும் அறிவிக்கின்றன. இதனை 1950-களில் ஜெர்மனியின் மார்ட்டின் லிண்டாவர் ஆராய்ந்து கண்டார்.

தாய் சென்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூத்த இளவரசி வெளிவருகிறாள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? தங்கைமாரைக் கொல்ல முயல்வாள். அல்லது அவளும் ஒரு கூட்டத்துடன் பறந்துவிடுவாள். இப்படி இரண்டு, மூன்று முறை பிரிந்தால் தாய்ப் பெட்டி மெலிந்து, மெழுகுப் புழுவுக்கு இரையாகும். என் பெட்டிக்கு வந்த ஆபத்து இதுவே.

அன்று பொழுது சாய்ந்ததும் ஓர் ஓலைக் கூடையைக் கூட்டத்தின் மேற்புறமாகக் கட்டி, கீழிருந்து மெல்லப் புகை காட்டினேன். மேல்நோக்கி ஏறுவது தேனீக்களின் இயல்பு. அரை மணியில் யாவும் கூடைக்குள் சென்றன. பெரியவர் பந்தத்திற்குப் பதிலாகக் கைவிளக்குப் பிடித்தார்!

கூட்டத்தைப் புதுப் பெட்டியில் இட்டு, பழைய பெட்டியிலிருந்து மூடிய குஞ்சறைகள் உள்ள ஒரு சட்டத்தையும் வைத்தேன். குஞ்சுகள் இருக்கும் வீட்டைத் தேனீக்கள் எளிதில் கைவிடா. இங்கே ஒரு எச்சரிக்கை: முதற் கூட்டத்தில் இருப்பவள் முட்டையிடும் பழைய ராணி, அவள் ஓடாதபடி சில நாள் வாயிலில் ராணி தடுப்புத் தகடு வைக்கலாம். பின் வரும் கூட்டத்தில் இருப்பவளோ கன்னி ராணி. வானில் பறந்து ஆண் தேனீக்களுடன் கூடி வர வேண்டியவளை அடைத்து வைத்தால் அக்குடியே அழியும்.

மறுநாள் பழைய பெட்டியைத் திறந்து, நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றை அகற்றினேன். மூன்றாம் கூட்டம் கிளம்பவில்லை. முதற் கூட்டம் போன அன்றே இதைச் செய்திருந்தால் இரண்டாவதும் போயிராது. அதற்கும் முன்னரே வாரம் ஒரு முறை அடைகளைப் பார்த்து, தேன் அறையை மேலே ஏற்றி, பெருத்த குடும்பத்தை நாமே இரண்டாகப் பிரித்திருந்தால் முதற் கூட்டமும் காட்டுக்குப் போயிராது. இடம் தராமல் ராணி அறைகளை மட்டும் கிள்ளுவதில் பயனில்லை. அவை மறுபடி கட்டிவிடும்.

நம் நாட்டுத் தேனீ பிரிந்து போவதில் வல்லது என்று குறை கூறுவர். ஆயினும் அதன் அளவுக்கேற்ற பெட்டியைத் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் சுமார் 1910-இல் வகுத்த பிறகு, தென்னாட்டுக் குடியானவர்கள் அதை வீட்டுச் செல்வமாக்கினர். மார்த்தாண்டம் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. 1991, 1992 ஆண்டுகளில் வைரஸ் நோய் ஒன்று பரவி, தென்னிந்தியாவில் எண்ணற்ற கூடுகளை வெறுமையாக்கிற்று. அத்தகைய இழப்பைக் கண்ட நாட்டில், பிரிந்து வரும் ஒவ்வொரு கூட்டமும் பிழைத்தெழுந்த ஒரு புதிய குடும்பம் அன்றோ?

பங்குனியில் வேம்பு பூத்தது. இரண்டு பெட்டிகளும் நிறைந்தன. ஒன்று இப்போது அடுத்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. பந்தம் தேடிய பெரியவர்தான் அதை வாரந்தோறும் திறந்து பார்க்கிறார். "கிட்டே போகாதே, ராணி இருக்கிறாள்" என்று பேரக் குழந்தைகளிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறார்.