அயலார் போரும் பிராந்தியக் கூட்டுறவும்: தென்கிழக்காசியா புகட்டும் பாடம்

அரசியல் நூலாருள் முதன்மை பெற்ற கௌடிலியர் தமது அர்த்தசாத்திரத்திலே மண்டலக் கொள்கை என ஒன்றை வகுத்துரைத்தார். ஓர் அரசனது எல்லையை அடுத்து ஆள்பவன் அவனுக்கு இயல்பாகவே பகைவனாவான் என்பதும், அப்பகைவனுக்கு அப்பால் ஆள்பவன் நண்பனாவான் என்பதும் அக்கொள்கையின் சாரமாம். இது விரும்பத்தக்கதென அவர் கூறினாரல்லர். உலகியல் இதுவே எனக் கண்டு கூறினார். உலக வரலாற்றைப் புரட்டுவார்க்கு அவர் கூற்றை மறுத்தல் எளிதன்று. ஆயினும் மலையும் ஆறும்போல அயல்நாடும் இடம்பெயர்வதன்று. என்றும் உடனிருக்க வேண்டியவனை என்றும் பகைவனாகவே கொண்டு வாழ்தல் கூடுமா என்பதே இக்காலத்து நாடுகளின் முன்னுள்ள வினாவாகும்.

மேல்வகுப்பிலே அரசியல் கற்பிக்குங்கால் மாணவர் இதனையே வேறொரு வடிவில் வினவுவதுண்டு. அயல்வீட்டிற் சண்டை மூண்டால் உட்புகுந்து விலக்குதல் முறையா? அன்றி, வேலிக்கு இப்பால் நின்று நோக்குதல் முறையா? உட்புகுந்தால் "உனக்கென்ன உரிமை?" என்பர், வாளாவிருந்தால் "நீயும் மனிதனா?" என்பர். இவ்விரு பழிகளுக்குமிடையே வழிகாண முயன்ற நாடுகளின் கூட்டம் ஒன்றுண்டு. அஃது ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமாகும். அதன் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே ஆராயற்பாலன.

1960ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே தென்கிழக்காசியா பகைமையின் விளைநிலமாயிருந்தது. வியட்நாமிற் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. மலேசியக் கூட்டாட்சி 1963இல் அமைந்தபோது, இந்தோனேசியாவின் அதிபர் சுகர்ணோ அதனை ஏற்க மறுத்து எதிர்ப்பியக்கம் தொடங்கினார். போர்ணியோ எல்லையிலே படைகள் மோதின. பிலிப்பைன்ஸ் சபா மாநிலத்திற்கு உரிமை கோரியது. சிங்கப்பூர் 1965 ஓகஸ்ட் 9ஆம் திகதி மலேசியாவினின்றும் கசப்புடன் பிரிந்தது. கூட்டுறவு முயற்சிகள் இல்லாமலில்லை. 1961இல் மலாயா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகியன அமைத்த சங்கம் சபாப் பிணக்கினால் முடங்கிற்று. 1963இல் மலாயா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகியன கூடி நிறுவ முயன்ற அமைப்போ பிறந்த சில கிழமைகளிலேயே மாண்டது. சீற்றோ என்னும் படைக்கூட்டு 1954இல் உருவாகியிருந்ததாயினும், அதிற் சேர்ந்த தென்கிழக்காசிய நாடுகள் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸுமே. ஏனையோர் அப்பிராந்தியத்திற்குப் புறம்பான நாட்டினர். ஆகவே அதனைப் பிராந்தியக் கூட்டுறவு எனல் பொருந்தாது.

இந்நிலை மாறியதற்கு முதற்காரணம் இந்தோனேசியாவின் மனமாற்றமாகும். அங்கு ஆட்சி கைமாறியபின் 1966 ஓகஸ்டில் மலேசியாவுடன் சமாதானம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் தாய்லாந்திலே, பாங்சேன் என்னும் கடற்கரைத் தலத்திற் கூடினர். மேசையின் இருமருங்கும் விறைப்பாயமர்ந்து வாதாடாது, உடனுண்டும் உலாவியும் விளையாடியும் அவர்கள் உரையாடினர். பின்னர் 1967 ஓகஸ்ட் 8ஆம் திகதி பாங்கொக் நகரிற் பிரகடனத்திற் கையெழுத்திட்டனர். இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்ஸின் நர்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தனத் கோமான், சிங்கப்பூரின் சி. இராசரத்தினம் என்போரே அவ்வைவர். இவர்களுள் இராசரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர் என்பது நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது.

அப்பிரகடனம் பெரும்பாலும் பொருளாதாரம், சமூகம், பண்பாடு என்பன பற்றியே பேசியது. படையுடன்படிக்கை எதுவும் அதில் இல்லை. எனினும் அதன் உள்ளக்கிடக்கை சமாதானமே. அயலவர் ஒருவரையொருவர் அஞ்சியிருக்குங்கால், பாதுகாப்பு என்னும் சொல்லை எடுத்த எடுப்பிலேயே உச்சரித்தல் அச்சத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. மேலும், பிணக்குகளை முதலில் தீர்த்துப் பின்னர்க் கூடுவோம் என அவர்கள் கருதினாரல்லர். பிணக்குகள் இருக்கவே கூடினர். 1968இல் சபாவை முன்னிட்டு மலேசியாவும் பிலிப்பைன்ஸும் மீண்டும் உறவு முறித்தன. முன்னைய சங்கம் இத்தகைய முறிவினாலேயே முடங்கிற்று. ஆசியானோ பிழைத்தது. 1969 டிசம்பரில் அச்சங்கத்தின் மந்திரிமார் மலேசியாவிற் கூடியபோது, இருநாட்டு உறவும் மீண்டும் ஏற்பட்டதென அறிவிக்கப்பட்டது. சபா பற்றிய உரிமைக்கோரிக்கை கைவிடப்படவில்லை. ஆயினும் அதன்பொருட்டுப் போர் மூளவில்லை. நோய் முற்றாகத் தீராவிடினும் உயிர்க்கிறுதி செய்யாவண்ணம் அடக்கிவைத்தல் மருத்துவமே.

வியட்நாம் போர் 1975 ஏப்ரில் 30ஆம் திகதி முடிவெய்தியது. வெற்றிபெற்ற வியட்நாமின் வலிமையை நோக்கி அயலவர் கலங்கினர். 1976 பெப்ரவரி 24ஆம் திகதி பாலித் தீவிலே சங்கத்தின் தலைவர்கள் முதன்முறையாகக் கூடி நட்புறவு, கூட்டுறவு உடன்படிக்கையைச் செய்தனர். சுதந்திரத்தையும் எல்லையையும் மதித்தல், உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை, பிணக்குகளைச் சமாதான வழியில் தீர்த்தல், படைபலத்தையோ அதன் அச்சுறுத்தலையோ கைவிடல் என்பன அதன் தூண்களாம். முடிவுகள் வாக்கெண்ணி எடுக்கப்படுவனவல்ல. முஷாவரா எனப்படும் கலந்தாய்வும், முஃபாக்கத் எனப்படும் ஒருமித்த உடன்பாடுமே அவர்தம் முறை. பிணக்குகளை ஆராய உயர்மன்றம் ஒன்றும் அவ்வுடன்படிக்கையில் விதிக்கப்பட்டது. வியப்பு யாதெனின், அம்மன்றம் ஒருமுறையேனும் கூட்டப்பட்டதில்லை. அயலவன் முன்னிலையில் வழக்காடித் தோற்பதை எந்நாடும் விரும்பவில்லை.

இக்கொள்கைகளுக்குக் கடுஞ்சோதனை கம்போடியாவில் வந்தது. அங்கு 1975 முதல் ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியிலே ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் கொலையாலும் பசியாலும் பிணியாலும் மாண்டனர். 1978 டிசம்பர் இறுதியில் வியட்நாம் படையெடுத்து, 1979 ஜனவரி 7ஆம் திகதி தலைநகரைக் கைப்பற்றி அவ்வாட்சியை வீழ்த்தியது. வீழ்த்தியபின் தன் படையை அங்கேயே நிறுத்தியது. கொடுங்கோலை அகற்றியது நன்றன்றோ எனின், அப்பயன் உண்மையே. ஆனால் வலிய நாடொன்று மெலிய அயலவன் நாட்டிற் புகுந்து ஆட்சியை மாற்றுவதை ஒருமுறை ஒப்புக்கொள்ளின், நாளை தமக்கும் அக்கதியே நேரும் எனச் சங்கத்து நாடுகள் அஞ்சின. வியட்நாமின் படை தன் எல்லையை நெருங்கக்கண்ட தாய்லாந்து அதனைப் பெரிதும் அஞ்சியது.

அவர்கள் வாளெடுத்திலர், சொல்லெடுத்தனர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே அந்நியப் படைகள் விலகவேண்டும் என்ற தீர்மானத்தை முன்னின்று கொணர்ந்தனர். 1979 நவம்பரில் 91 நாடுகள் அதனை ஆதரித்து வாக்களித்தன. தம்முள்ளே கருத்து வேறுபாடும் இருந்தது. தாய்லாந்தும் சிங்கப்பூரும் கடுமை வேண்டின. இந்தோனேசியாவும் மலேசியாவும் வியட்நாமுடன் பேச்சு வேண்டின. அவ்வேற்றுமை சங்கத்தைப் பிளக்கவில்லை. மாறாக, ஒருவர் கதவை அடைக்க மற்றவர் சாளரத்தைத் திறந்துவைத்தனர் எனலாம். 1988 யூலையில் இந்தோனேசியா, கம்போடியாவின் நான்கு பிரிவினரையும் அயல்நாட்டாரையும் பொகோர் நகரில் ஒருங்கு கூட்டியது. 1989 செப்டம்பரில் வியட்நாம் தன் படையை மீட்டது. பிரான்சும் இந்தோனேசியாவும் இணைத்தலைமை தாங்க, 1991 ஒக்டோபர் 23ஆம் திகதி பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர் 1995இல் வியட்நாமும் 1999இல் கம்போடியாவும் அதே சங்கத்தில் உறுப்பினராயின. நேற்றைய எதிரி இன்றைய அங்கத்தவனானமை கௌடிலியரும் எண்ணிப்பாராத முடிவாகும்.

எனினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. வியட்நாமை எதிர்க்கும்பொருட்டு, கெமர் ரூஜினரும் சேர்ந்த ஒரு கூட்டணிக்கே ஐக்கிய நாடுகளில் கம்போடியாவின் ஆசனத்தை இச்சங்கம் பேணிக்கொடுத்தது. தம் மக்களைக் கொன்றுகுவித்தோர் அம்மக்களின் பெயரால் உலக மன்றில் வீற்றிருந்தனர். மேலும், சோவியத் ஒன்றியமும் சீனாவும் தம்முள் இணங்கத் தொடங்கியிராவிடின், பாரிஸ் உடன்படிக்கை அத்துணை விரைவில் வந்திராது. நெறி காக்கப்பட்டது; அதன் விலையைச் செலுத்தியோர் கம்போடிய மக்கள்.

இனி, சைவர்களாகிய நம் நெஞ்சைத் தொடும் ஒரு பிணக்கை நோக்குவாம். தாய்லாந்து, கம்போடியா எல்லையிலே தாங்கிரெக் மலைத்தொடரின் விளிம்பில் 525 மீற்றர் உயரத்திலே பிரே விஹியர் என்னும் பழைய சிவாலயம் உளது. சூரியவர்மர் இருவர் காலத்தில், 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளிற் பெரும்பாலும் எழுந்த அக்கோயிலில் எழுந்தருளிய இறைவர் சிகரேசுவரர் எனப்பட்டார். 1962இல் சர்வதேச நீதிமன்று அக்கோயில் கம்போடியாவுக்குரியதெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் சூழ்ந்த நிலத்தின் எல்லை தெளிவுறவில்லை. 2008இல் அது உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட, உறங்கிய பகை விழித்தது. 2011 பெப்ரவரியிற் கோயிலருகே பீரங்கிகள் முழங்கின. ஒரே சங்கத்தின் இரு உறுப்பினர் தம்முட் பொருதமை அச்சங்கத்துக்குப் பெருந்தலைகுனிவாயிற்று. அப்போது தலைமை வகித்த இந்தோனேசியா இருவரையும் ஜகார்த்தாவிற்கழைத்து, தன் கண்காணிப்பாளரை எல்லைக்கனுப்ப இணக்கம் பெற்றது. அவர்களோ எல்லையை அடையவேயில்லை. 2013இல் நீதிமன்று முன்னைய தீர்ப்பினை விளக்கி, கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்குரியதென்றது.

அத்துடனும் தீ அவியவில்லை. 2025 யூலை 24ஆம் திகதி, தா முவன் தொம் என்னும் மற்றொரு பழஞ்சிவாலயத்தருகே மூண்ட மோதல் ஐந்து நாட்போராக விரிந்தது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து அகன்றனர். அவ்வாண்டு தலைமை வகித்த மலேசியாவின் பிரதம மந்திரி அன்வர் இப்ராகிம் முன்னிலையில் யூலை 28ஆம் திகதி போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஆனால் அமெரிக்கா வணிகத்தீர்வையைக் காட்டி அச்சுறுத்தியதும் அவ்விணக்கத்திற்கு ஒரு காரணமாகும். டிசம்பரிற் போர் மீண்டும் மூண்டது. அம்மாத இறுதியில் மீண்டுமொரு போர்நிறுத்தம் வேண்டியதாயிற்று. உள்நாட்டுப் போரிலோ சங்கத்தின் கை இன்னும் தளர்ந்தது. மியன்மாரிலே 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அவ்வாண்டு ஏப்ரிலில் ஐந்து அம்ச இணக்கம் காணப்பட்டது. அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? நாடுகளுக்கிடையே போரைத் தவிர்ப்பதில் இத்தகைய கூட்டுறவு பயன்தரும். ஒரு நாட்டினுள்ளே அரசு தன் மக்கள்மீது நடாத்தும் கொடுமையைத் தடுப்பதில் அது வலுவற்றது. தலையிடாமை என்னும் வேலி கள்வனையும் தடுக்கும். உதவிக்கு ஓடிவருவோனையும் தடுக்கும். அது வெற்றிபெற்ற இடங்களில் மூன்று நிலைமைகள் இருந்தன. முதலாவது, பிராந்தியத்திற் பெரிய நாடாகிய இந்தோனேசியா தன் வலிமையைத் தானே அடக்கிக்கொண்டமை. இரண்டாவது, பிணக்கு இருப்பினும் கூட்டத்திற்கு வராதிருத்தல் ஆகாதென்னும் வழக்கம். மூன்றாவது, பேச்சுக்கு ஒரு வாயிலை எக்காலத்தும் அடைக்காமை.

இவற்றை நம் தெற்காசியாவுடன் ஒப்புநோக்குக. 1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் நிறுவப்பட்ட சார்க் அமைப்பின் சாசனம், இருநாட்டுப் பிணக்குகளையும் சர்ச்சைக்குரியனவற்றையும் விவாதத்தினின்றும் விலக்கியது. அவ்விலக்கு மட்டும் குறையன்று. ஆசியானும் பலவற்றை ஒத்திவைத்ததே. ஆனால் இங்கே பிணக்கு எழுந்ததும் கூட்டமே நின்றுவிடுகிறது. 2014இல் காத்மண்டுவில் உச்சிமாநாடு கூடியது; 2016இல் இஸ்லாமபாத்தில் கூடவிருந்தது இந்திய, பாகிஸ்தானியப் பகைமையால் நடவாதொழிந்தது.

சோழர் குடியின் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, கோவூர்கிழார் இடைநின்று தடுக்க முயன்றதைப் புறநானூறு கற்ற மாணவர் அறிவர். அவரிடம் படையில்லை. இருதரத்தாரும் செவிசாய்க்கும் ஒரு நாவும், இருவரும் ஒரே குடியினர் என்ற நினைவுமே அவரிடம் இருந்தன. பிராந்தியக் கூட்டுறவு என்பது அத்தகைய நாவினை நிலையாய் நிறுவும் முயற்சியேயாகும். அதனால் எல்லாம் ஆகும் என மயங்குதல் வேண்டா. ஒன்றும் ஆகாதென இகழ்தலும் வேண்டா. சிகரேசுவரர் சந்நிதியிலே வெடித்த குண்டுகள் அதன் குறைவைக் காட்டுகின்றன. ஒருகாலத்துப் பகைவரான வியட்நாமும் தாய்லாந்தும் இன்று ஓரவையில் அமர்தல் அதன் நிறைவைக் காட்டுகின்றது. இரண்டையும் ஒருங்கு கண்டு நிதானித்தலே கற்றார் கடனாகும்.