ஒரே விதி, பல நூறு கணினிகள்

நுழையும்முன்

தொடர்வண்டிப் பயணச்சீட்டை முன்பதிவு செய்தல், வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புதல் முதலிய இணையப் பணிகளுக்குப் பின்னால் சேவையகங்கள் எனப்படும் கணினிகள் பல இடையறாது இயங்குகின்றன. அவற்றையெல்லாம் ஒரே சீரான நிலையில் வைத்திருப்பதற்கென ஒரு முறை உண்டு. அம்முறையின் உறுப்புகள் இணைந்து செயல்படும் பாங்கை இப்பாடம் விளக்குகிறது.

தவறிய ஒரு கணினி

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இருந்தது. 2012ஆம் ஆண்டு அது தன் எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை ஏற்ற முனைந்தது. ஏழில் நிரல் ஏறியது; ஒன்று விடுபட்டது. அதனை மற்றொருவர் சரிபார்க்கவும் இல்லை. ஆகஸ்டு முதல் நாள் சந்தை திறந்ததும், விடுபட்ட கணினியில் எஞ்சியிருந்த பழைய நிரல் இயங்கத் தொடங்கித் தேவையற்ற வணிக ஆணைகளைத் தொடர்ந்து அனுப்பியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் மற்றொரு நிறுவனத்தோடு இணைய நேர்ந்தது.

எட்டுக் கணினிகளிலேயே ஒன்று விடுபடுமாயின், எண்ணூறு கணினிகளைக் கையால் பேணுவது எங்ஙனம்?

அமைவு மேலாண்மை

ஒரு கணினியில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும், எந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்க வேண்டும், எந்தச் சேவை இயங்க வேண்டும் என்பவற்றின் தொகுப்பே அதன் அமைவு. அதனை எழுதிவைத்த விதிகளின்படி தானாகவே நிலைநிறுத்துவது அமைவு மேலாண்மை. இதற்கெனப் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று, லூக் கேனிஸ் 2005இல் உருவாக்கிய பப்பெட். இப்பெயருக்குப் பாவை என்பது பொருள்.

> தெரிந்து தெளிவோம்
> இத்துறைக்கு முன்னோடியான சிஎஃப்எஞ்சின் என்னும் மென்பொருளை, ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் மார்க் பர்கஸ் 1993இல் உருவாக்கினார்.

முடிவைச் சொல்லும் விதி

‘குடத்தில் இரண்டு செம்பு நீர் ஊற்று’ என்பது ஒரு கட்டளை. அதனை மீண்டும் மீண்டும் நிறைவேற்றினால் குடம் வழிந்துவிடும். ‘குடம் நிறைந்திருக்க வேண்டும்’ என்பது நிலையைக் கூறும் விதி. நிறைந்த குடத்தில் எவரும் நீர் ஊற்றார். குறைந்திருந்தால் குறைந்த அளவே ஊற்றுவர். பப்பெட்டின் விதிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எத்தனை முறை செயல்படுத்தினாலும் விளைவு மாறாது என்பதே இவற்றின் வலிமை.

உறுப்புகளும் பணிகளும்

எல்லாச் சேவையகங்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் எனக் கொள்வோம். நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருள் நிறுவப்பட்டிருத்தல், அதன் அமைவுக் கோப்பு சரியாக இருத்தல், அச்சேவை இயங்குதல் ஆகிய மூன்றும் விதிக் கோப்பில் எழுதப்படுகின்றன. அக்கோப்பு தலைமைச் சேவையகத்தில் இருக்கும்.

ஒவ்வொரு கணினியிலும் முகவர் எனப்படும் ஒரு சிறு நிரல் உண்டு. தலைமையகம் ஒப்பமிட்ட மின்னணுச் சான்றிதழ் பெற்ற முகவரே அதனோடு உரையாட இயலும். முகவருக்குத் துணையாகிய ஃபேக்டர், கணினியின் பெயர், இயங்குதளம், நினைவகம் போன்ற உண்மைகளைத் திரட்டித் தருகிறது. முகவர் அவற்றைத் தலைமையகத்துக்கு அனுப்புகிறது.

விதி எல்லார்க்கும் பொது. விவரங்களோ இடத்துக்கு இடம் வேறுபடும். எந்த நகரத்துக் கணினி எந்த நேர வழங்கியை நாட வேண்டும் என்பன போன்ற விவரங்களை ஹையரா என்னும் உறுப்பு தனியே காத்து வைக்கிறது. உண்மைகள், விதிகள், விவரங்கள் ஆகிய மூன்றையும் இணைத்து, அந்த ஒரு கணினிக்கே உரிய பட்டியலைத் தலைமையகம் ஆக்கித் தருகிறது.

முகவர் அப்பட்டியலைத் தன் கணினியின் உண்மை நிலையோடு ஒப்பிடுகிறது. வேறுபட்டதை மட்டும் திருத்துகிறது. டெபியன் இயங்குதளமாயின் ஒரு கருவியையும், ரெட் ஹேட் ஆயின் வேறொரு கருவியையும் பயன்படுத்தி மென்பொருளை நிறுவுகிறது. பின்னர்ச் செய்தவற்றை அறிக்கையாக அனுப்புகிறது. பப்பெட் டிபி என்னும் தரவுத்தளம் அறிக்கைகளைச் சேமிக்கிறது.

இச்சுழற்சி இயல்பாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை நிகழும். இரவில் எவரேனும் நேரச் சேவையைத் தவறுதலாக நிறுத்திவிட்டாலும், அடுத்த சுற்றில் அது மீண்டும் இயங்கத் தொடங்கும். தலைமையகம் பழுதுற்றாலும், முகவர் இறுதியாகப் பெற்ற பட்டியலைக் கொண்டு பணியைத் தொடரும். கூத்தில் பாவையை ஆட்டுவிப்பவர் கயிற்றை இழுக்கிறார். இங்கோ பாவையே தலைமையகத்தை நாடிச் சென்று தன் கடமையைக் கேட்டுப் பெறுகிறது.

விரைவும் விழிப்பும்

நல்ல விதி எல்லாக் கணினிகளுக்கும் விரைந்து பரவுவது போலவே பிழையான விதியும் பரவும். ஆகவே விதிக் கோப்புகளின் ஒவ்வொரு மாற்றமும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்யப்படுகிறது. மற்றொரு பொறியாளர் அதனைப் படித்துச் சரிபார்க்கிறார். எதனையும் மாற்றாமல், எவை மாறும் என்பதை மட்டும் காட்டும் ஒத்திகை முறையும் பப்பெட்டில் உண்டு. முதலில் சில கணினிகளில் சோதித்த பின்னரே விதி எங்கும் செலுத்தப்படுகிறது.

மறதி மனித இயல்பு. அதனை ஈடுசெய்யவே இக்கருவி பிறந்தது. ஆயினும் எந்த நிலை சரியானது என்பதைக் கருவி அறியாது. அதனை எண்ணித் துணிந்து எழுத வேண்டியவர் மனிதரே.

கற்பவை கற்றபின்…

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஐந்து விதிகளாக எழுதுக.
2. ‘கட்டளை’, ‘நிலையைக் கூறும் விதி’ ஆகியவற்றுக்கு அன்றாட வாழ்விலிருந்து சான்றுகள் தருக.