ஆணாய்ப் பிறந்து தாயாகும் மீன்

ஒரு மீன் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுமா? மாறும், நேயர்களே! சந்தையில் நல்ல விலைக்குப் போகுமே, கொடுவா... அதுதான். சில வருஷம் ஆணாகத் திரியும். உடம்பு நன்றாகப் பெருத்த பிறகு பெண்ணாகி முட்டையிடும். அப்படியென்றால், பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? தாய் மீனே அருகிப்போகும்.

இதற்கு ஒரு மாற்று வழி நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. முட்டுக்காடு என்றதும் எல்லாருக்கும் படகு சவாரிதான் நினைவுக்கு வரும். அங்கேதான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் குஞ்சு பொரிப்பகமும் இருக்கிறது. 1997-ல், இந்தியாவிலேயே முதல்முறையாக, கொடுவாவை வளர்ப்பிலேயே முட்டையிட வைத்தவர்கள் இவர்கள்தான்.

பொரித்துவிட்டால் வேலை முடிந்ததா? எங்கே! கொடுவாக் குஞ்சுகளுக்குப் பொல்லாத பசி. கொஞ்சம் பெரிசாக வளர்ந்தது, பக்கத்தில் இருக்கும் சின்னதை அப்படியே விழுங்கிவிடும். கூடப்பிறந்தது என்றெல்லாம் பார்க்காது! அதனால் அளவு பார்த்து, அடிக்கடி பிரித்துப் பிரித்து விடவேண்டும். பழகிய கண்ணும் கையும் வேண்டிய வேலை இது.

படாளம் பக்கம் வேலை என்றாலே சர்க்கரை ஆலைதான் முதலில் வாயில் வரும். ஆனால் இப்படி மீன் வளர்ப்பிலும் வேலை உண்டு. உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால், பி.எஃப்.எஸ்சி. என்கிற நான்கு வருஷ மீன்வளப் படிப்பைப் பற்றியும் சொல்லி வையுங்கள். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் அதற்கு அரசுக் கல்லூரி இருக்கிறது.